இரண்டாவது பிரேக்

வாத்தியார் அந்தக் காரை சர்ஜனிடம் விட்டது வைப்பருக்காக. முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டிய இரண்டு கைகளில் ஒன்று பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை சொன்னதுதான் தப்பு. ஒரு இடத்தைத் தொடாதே என்று ஒருவன் அழுத்திச் சொன்னால் வியாதி அங்கேதான் இருக்கிறது என்பது சர்ஜனின் வைத்திய சாஸ்திரம்.

வாத்தியார் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வலப்பக்கம் வந்து உட்காருகிறவர்களிடம் பேசிக்கொண்டே இருப்பவர். "சாலைங்கறது ஒரு நம்பிக்கை" என்று ஆரம்பித்தாரானால் சிக்னல் மூன்று முறை மாறினாலும் முடிக்க மாட்டார். பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்வார். அவ்வளவு தைரியமாகப் பேச முடிந்ததற்குக் காரணம் அவர் காலடியில் இருந்தது. ஓட்டுகிறவருக்கு இருப்பது போலவே அவர் பக்கமும் ஒரு பிரேக் மிதி உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் ஓர் இரும்புக் கம்பி இரண்டு மிதிகளையும் இணைத்தது. கற்க வந்தவர் பயந்து கண்ணை மூடிக்கொண்டாலும் வாத்தியார் மிதித்தால் வண்டி நிற்கும். ஒரு கீறல் இல்லாத இருபத்திரண்டு வருடம் என்று அவர் சொல்லிக்கொண்ட பெருமை முழுவதும் விரல் தடிமனுள்ள அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சர்ஜன் என்பவர் மெக்கானிக். கார் பட்டறையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கத் துணிந்த ஒரே மனிதர். வந்த வண்டியை 'பேஷண்ட்' என்பார். வண்டி நிற்கும் இடங்களுக்குச் சுவரில் 'படுக்கை 1', 'படுக்கை 2' என்று எண் போட்டிருந்தார். உடைந்த வண்டிகளை இழுத்துவரும் லாரியின் நெற்றியில் 'ஆம்புலன்ஸ்' என்று எழுதியிருந்தது. அவருடைய அறை வாசலில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை. அதற்கு இரண்டடி தள்ளி அவருடைய மச்சினன் தகரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பான். மச்சினனுக்கு ஜாக்கி என்று பெயர் வந்தது, சின்னக் காரின் பின்பக்கத்தைக் கையாலேயே தூக்கிவிடுவான் என்பதால். தூக்கியதை மெதுவாக இறக்கி வைக்கத் தெரியாது என்பது பெயரில் வராத விஷயம்.

மூன்றாம் நாள் வாத்தியார் வண்டியை எடுக்கப் போனார்.

"வைப்பர் ஓடுதா?"

"வைப்பரை விடுங்க வாத்தியாரே, அது சில்லறை வியாதி. உள்ள ஒரு கம்பி கடகடன்னு ஆடிட்டிருந்துது. வெட்டி, நீளத்தைக் குறைச்சு, பத்தவச்சு விட்டிருக்கேன். இப்ப பாருங்க, பேஷண்ட் மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காது."

"எந்தக் கம்பி?"

"ரெண்டு பெடலுக்கும் நடுவுல ஒண்ணு போகுதே, அதான்."

"அதை யாருய்யா தொடச் சொன்னது?"

"வயித்து வலின்னு வர்றவன், குடல்வாலை வெட்டுங்கன்னு சொல்லிட்டா வர்றான்? நாமதான் பார்த்து வெட்டணும்."

வாத்தியார் விதிமுறைகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். சர்ஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'டிஸ்சார்ஜ் சம்மரி' என்று அச்சடித்த தாளை நீட்டினார். அதில் 'முழு உடல் பரிசோதனை செய்யப்பட்டது. நலம்' என்று மட்டும் இருந்தது. கம்பி பற்றி ஒரு சொல் இல்லை. வைப்பர் பற்றியும் இல்லை. அது இன்னும் பாதி வழியில்தான் யோசித்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்குள்ளேயே வாத்தியார் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். வண்டி நின்றது. மறுநாள் காலை வகுப்பு இருந்தது. திட்டியாகிவிட்டதால் வேலையும் சரியாகிவிட்டது என்று நம்புகிற ஜாதி அவர். எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை வகுப்புக்கு வந்தது அவருடைய அக்கா. வயது ஐம்பத்தாறு, தையல்காரி. ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பவள். மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் தையல் மிஷினை மிதித்த கால். ஆக்ஸிலரேட்டரிலும் அதே தாளத்தில் மிதித்தது. வண்டி தைத்துக்கொண்டே போகும்.

"அக்கா, மிதிச்சு மிதிச்சு விடக் கூடாது. ஒரே அழுத்தமா வைக்கணும். சாலைங்கறது ஒரு…"

"டேய், நீ பேசினா எனக்கு நூல் அறுந்துபோகுது. வாயை மூடிட்டு வா."

கடைவீதித் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். அக்காவின் கால் பயத்தில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. மிதித்தது.

"காலை எடு! காலை எடு!"

"எந்தக் காலைடா?"

வாத்தியார் தன் பிரேக்கை மிதித்தார். டாஷ்போர்டுக்கு அடியில் குச்சி முறிந்த மாதிரி ஒரு சத்தம். மிதி தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. இரண்டாவது முறை மிதித்தார். மூன்றாவது முறையும் மிதித்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்கு மூன்று மிதி போதவில்லை. நான்காவதற்குக் காலைத் தூக்கும்போது வண்டி சலூனுக்குள் போயிருந்தது.

கண்ணாடிக் கதவு, அதன் பின்னால் இருந்த பெஞ்சு, பெஞ்சின் மேல் இருந்த பழைய பத்திரிகைகள், கடைசியாகச் சுவர் முழுக்க இருந்த பெரிய கண்ணாடி என்று ஒவ்வொன்றாக உடைந்தன. சவரம் செய்துகொண்டிருந்தவரின் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சலூன்காரர் கையில் கத்தி இருந்தது. வாடிக்கையாளரின் காதில் மேல் பாதி இல்லை. அவர் பாதி முகம் சோப்பு நுரையும் பாதி முகம் ரத்தமுமாகத் தெருவுக்கு ஓடிவந்து, என்ன ஆச்சு என்று எல்லோரையும் கேட்டார். யார் சொன்னதும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அக்காவின் வலது மணிக்கட்டு ஸ்டீயரிங் கம்பிக்குள் மாட்டித் திரும்பிக்கொண்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கால் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் வாத்தியார் நெற்றியில் ஏழு தையல் போட்டார்கள். அக்கா பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். முழங்கைவரை அவளுக்கு மாவுக்கட்டு.

"இது என்னடா இவ்ளோ எட்ட எட்டத் தச்சிருக்காங்க. சாக்குமூட்டைக்குக்கூட நான் இப்படிப் போட மாட்டேன்."

அதற்குள் வாகன ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், தடிமனான கோப்பு. மனிதருக்கும் சேர்த்து எடை அந்தக் கோப்பில்தான் இருந்தது.

"ஓட்டக் கத்துக்கறவங்க மேல தப்பு இல்லை. பக்கத்துல உக்காந்திருக்கறவர்தான் பொறுப்பு. உங்க பக்கத்து பிரேக் வேலை செஞ்சிருந்தா, நீங்க மிதிக்கலைன்னு அர்த்தம். உங்க டிரைவிங் பள்ளியோட லைசென்ஸ் ரத்து."

"மிதிச்சேன் சார். மூணு தடவை மிதிச்சேன். பட்டறைக்காரன் நான் சொல்லாமலே கம்பியை வெட்டி ஒட்டியிருக்கான். ஒட்டினது விட்டுடுச்சு."

"அப்படின்னா தப்பு பட்டறை மேல. அதை வண்டி சொல்லட்டும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நானே வந்து சோதிப்பேன். வண்டி எங்கே இருக்கு?"

வாசலில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். அந்த வட்டாரத்தில் எந்த வண்டி மோதினாலும் இழுத்துப் போக ஒரே லாரிதான். நெற்றியில் 'ஆம்புலன்ஸ்' என்று எழுதிய லாரி. வண்டி சர்ஜனிடம், படுக்கை 2-இல், சுகமாகப் படுத்திருந்தது.

வாத்தியார் நெற்றிக் கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். "பரவாயில்ல. சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"சட்டம் ஆபீஸ்ல இருக்குடா," என்றாள் அக்கா. "வண்டி அவன்கிட்ட இருக்கு. எழுந்து நட."

அவர்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது மதியம் மணி மூன்று. முன் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஜாக்கி காருக்குள் தலைகீழாகப் படுத்து அறுத்துக்கொண்டிருந்தான். அறுக்கும் மிஷினிலிருந்து பொறி வாசல்வரை தெறித்தது. கேட்காமலே ரேடியேட்டரையும் மாற்றி, நசுங்கிய முகப்பையும் ஓரளவு நிமிர்த்தியிருந்தார்கள். சர்ஜனுக்குக் கை சும்மா இருக்காது. தரையில் பழைய கம்பி இரண்டு துண்டாகக் கிடந்தது.

வாத்தியார் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். முறிந்த முனையில் ஓரம் மட்டும்தான் ஒட்டியிருந்தது. நடுவில் பற்றவைப்பு இறங்கவே இல்லை. சொத்தை விழுந்த பல் மாதிரி உள்ளே கறுப்பாக ஓட்டை.

"இதுதான் சாட்சி," என்றார், மேடையில் பரிசுக்கோப்பை வாங்கியவர் மாதிரி அதை உயர்த்திப் பிடித்து. அங்கேயே திரும்பிப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கையில் ஒரு பொருளும் எதிரில் நாலு பேரும் இருந்தால் வாத்தியாரால் பேசாமல் இருக்க முடியாது. "ஒரு வாகனத்தின் உரிமையாளர் எழுத்துமூலமாக ஒப்புதல் தராத எந்த ஒரு…"

"வாத்தியாரே," சர்ஜன் அறையிலிருந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "பேஷண்டுக்கு ஆப்பரேஷன் நடக்குது. விசிட்டர் நேரம் அஞ்சு மணி. அதைக் கீழ வச்சுட்டுப் போங்க."

"வைக்க மாட்டேன்."

"டேய் ஜாக்கி."

ஜாக்கி வெளியே வந்தான். சுவரில் மாட்டியிருந்த பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்தான். உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. வாத்தியார் வாக்கியத்தை முடிப்பதற்குள் அது அவர் நெற்றியில் விழுந்தது. ஏழு தையலில் நாலு பிரிந்தது. இரண்டாவது அடி காதோடு சேர்த்துக் கழுத்தில் விழுந்து தோலை வழித்துக்கொண்டு போனது. மூன்றாவது அடிக்கு வாத்தியார் தரையில் இருந்தார். கண்ணில் ரத்தம் இறங்கி எதுவும் தெரியவில்லை. கம்பியை மட்டும் விடவில்லை.

"விடுய்யா."

"ஒப்புதல் இல்லாம…"

ஜாக்கி பூட்ஸ் காலை அவர் கை மேல் வைத்து ஏறி நின்றான். இரண்டு விரல் முறிந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது. வாத்தியார் இதுவரை எந்தப் பாடத்திலும் போடாத ஒரு சத்தம் போட்டார்.

அப்போதுதான் அக்கா குறுக்கே பாய்ந்தாள். அவளிடம் ஆயுதம் எதுவும் இல்லை. கையே ஆயுதமாக இருந்தது. முழங்கைவரை காய்ந்து கெட்டிப்பட்ட மாவுக்கட்டை, மூட்டை தூக்கிப் பழகிய தோளிலிருந்து சுழற்றி ஜாக்கியின் மூக்கில் இறக்கினாள். மூக்கு ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தது.

"என் தம்பிய நான் அடிப்பேன்டா! நீ யாருடா அடிக்க?"

திரும்பவும் அடித்தாள். கட்டுக்குள் எலும்பு நகர்ந்து அவளும் அலறினாள். அலறிக்கொண்டே மூன்றாவது அடியையும் அடித்தாள். ஜாக்கி குருட்டாம்போக்கில் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கழிவெண்ணெய் டிரம்மின் மேல் எறிந்தான். டிரம் கவிழ்ந்து கறுப்பு எண்ணெய் தரையெங்கும் ஓடியது. அதில் வழுக்கி விழுந்தவனின் கெண்டைக்கால் வாத்தியாரின் முகத்துக்கு நேராக வந்தது. சாலை ஒழுக்கம் பற்றி ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவர் அதைக் கவ்விக் கடித்தார். கால்சட்டைத் துணியோடு ஒரு வாய்ச் சதை வந்தது.

சர்ஜன் இதுவரை தள்ளி நின்றுதான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் கீழ் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் தெறித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. பளபளப்பான ஷூவால் வாத்தியாரின் விலாவில் உதைத்தார். நிதானமாக, இடம் பார்த்து, நாலு உதை. ஐந்தாவது உதைக்கு வாத்தியாரின் வாய் திறந்துகொண்டது. ஜாக்கியின் கால் விடுபட்டது. முறிந்த விரல்களுக்குள்ளிருந்து கம்பியை உருவி எடுத்து, அறுக்கும் மிஷினை ஓடவிட்டு, வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டினார். மற்றத் துண்டையும் வெட்டினார். எல்லாவற்றையும் காலால் ஒதுக்கிக் கழிவெண்ணெயில் தள்ளினார்.

"இப்ப எங்க உங்க சாட்சி?"

பக்கத்து டயர் கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து அக்காவை வாசலுக்கு இழுத்துப் போனார்கள். ஆண்பிள்ளையை அப்புறம் தூக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். சர்ஜன் கோட்டைக் கழற்றிக்கொண்டு, கறை காய்வதற்குள் அலச வேண்டும் என்று பின்பக்கக் குழாய்க்கு ஓடினார்.

வாத்தியார் காரின் இடப்பக்கக் கதவோரம் ஒருக்களித்துக் கிடந்தார். அங்கிருந்து டாஷ்போர்டின் அடிப்பகுதி நேராகத் தெரிந்தது. ஜாக்கி மூக்கில் கரித்துணியை அடைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே படுத்தான். புதுக் கம்பியை வைத்தான். அதன் முனையிலிருந்த பெயிண்டைச் சுரண்டவில்லை. எண்ணெயைத் துடைக்கவில்லை. அடி வாங்கிய இரண்டு கண்ணும் வீங்கி நீர் கொட்டிக்கொண்டிருந்தது. முகமூடித் தட்டை மூக்கின் மேல் வைக்க முடியாமல் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குத்துமதிப்பாகப் பற்றவைத்தான். பொறி பறந்தது. அவன் எழுந்து போனபின் வாத்தியார் பார்த்தார். இரும்பின் மேல் இரும்பு, சுவரில் துப்பிய வெற்றிலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆச்சாடா?" குழாயடியிலிருந்து சர்ஜனின் குரல்.

"ஆச்சு மாமா."

"மிதிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா."

பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். சர்ஜன் சலவைக் கோட்டில் பளிச்சென்று நின்றார். வாத்தியார் ஒரு கையில் கட்டு, நெற்றியில் புதுக் கட்டு, விலாவைச் சுற்றிப் பட்டை என்று நின்றார். கட்டு போடாத இடத்தில் கறுத்திருந்தது.

"இது என்ன? நேத்து இவ்ளோ அடி இல்லையே?" என்றார் ஆய்வாளர்.

"இவர்தான் சார் அடிச்சாரு. உடைஞ்ச கம்பியையும் அறுத்துப் போட்டுட்டாரு. இப்ப உள்ள இருக்கறது புதுசு."

"வாத்தியாருக்குத் தலையில அடி சார், பாவம்," என்றார் சர்ஜன். "நான் ரேடியேட்டர்தான் மாத்தினேன். எண்ணெயில வழுக்கி விழுந்துட்டாங்க. தரையைப் பாருங்க."

தரை முழுக்க எண்ணெய் இருந்தது. ஆய்வாளர் தரையைப் பார்த்தார், கோப்பில் எழுதினார்.

"ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு வேண்டாம். மூணு சோதனை. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே மாதிரி. நான் இடப்பக்கம் உக்காந்து மிதிப்பேன். மூணு தடவையும் நின்னா பிரேக் சரி."

"என் அக்காவுக்குக் கை உடைஞ்சிருக்கு சார்!"

"இடது கை இருக்குல்ல? விதியில 'அதே ஓட்டுநர்'னுதான் இருக்கு. எத்தனை கைன்னு இல்லை. அம்மா, நீங்க ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதிங்க. உங்க பிரேக்குல கால் வைக்கவே கூடாது. வச்சா சோதனை செல்லாது. வாத்தியார் பின்னால உக்காரலாம். மூணும் முடியறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

அக்கா உட்கார்ந்தாள். "வாயைத் திறக்காத வாத்தியாரை இன்னைக்குத்தான் பார்க்கப் போறேன்," என்றாள்.

பட்டறை முற்றம் ஐம்பது அடி நீளம். அந்தக் கோடியில் சர்ஜனின் அறை. அதன் வெள்ளைச் சுவர். வண்டி தையல் போட்டுக்கொண்டே நகர்ந்தது. பாதி தூரத்தில் ஆய்வாளர் மிதித்தார். நின்றது.

"வேலை செய்யுதே," என்றார்.

வாத்தியாருக்கு வேறொன்று கேட்டது. டாஷ்போர்டுக்கு அடியில், பல்லி சொல்வது போல, ஒரு சின்ன டிக். இருபத்திரண்டு வருடம் அந்தக் கம்பியோடு குடித்தனம் நடத்திய காது. பற்றவைப்பு பாதி விட்டுவிட்டது. அடுத்த மிதியோ, அதற்கடுத்ததோ, அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா சார்?" சர்ஜன் சிரித்துக்கொண்டே முற்றத்தின் குறுக்கே நடந்து, தன் அறைச் சுவரின் முன்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். "இன்னும் வேகமா வரச் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன். ஆப்பரேஷன் பண்ண டாக்டருக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி?" ரேடியேட்டர்தான் மாற்றினேன் என்று சொன்னது அவருக்கே மறந்துவிட்டது. பெருமை பேசுகிற வாய்க்கு ஞாபகசக்தி கிடையாது.

வாத்தியார் முன்னால் சாய்ந்தார். "சார், ஒண்ணு…"

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்."

வாத்தியார் வாயை மூடினார்.

கோப்பைக் கண்டு பயந்து மூடவில்லை. அவர் அமைச்சர் வீட்டு டிரைவரையே நடுத்தெருவில் நிறுத்திப் பாடம் எடுத்தவர். நினைத்திருந்தால் கத்தியிருக்கலாம், கதவைத் திறந்து குதித்திருக்கலாம், 'கம்பி விடப் போகுது' என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆய்வாளர் இறங்கி, குனிந்து பார்த்து, புதுசா ஒண்ணு இருக்கே, பழசு எங்கே என்று கேட்டு, இரண்டு வருடம் கோப்பு இழுக்கும். அல்லது பார்க்காமலே, நின்றது நின்றதுதான் என்று எழுதிவிட்டு, லைசென்ஸ் ரத்து. வாத்தியார் இரண்டையும் எண்ணிப் பார்த்தார். முன்னால் வெள்ளைக் கோட்டில் நின்ற மனிதனையும் பார்த்தார். முறிந்த விரல்கள் கட்டுக்குள் துடித்தன. இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் கை பிரேக் இருந்தது. அவருடைய நல்ல கைக்கு எட்டும் தூரம்தான். கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"போங்கம்மா. இன்னும் கொஞ்சம் வேகமா."

அக்காவின் கால் மிதித்தது. வண்டி எகிறியது. வெள்ளைக் கோட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆய்வாளர் மிதித்தார். குச்சி முறிகிற சத்தம். மிதி தரைக்குப் போனது. ஆய்வாளர் திரும்ப மிதித்தார். வாத்தியாரைப் போலவே அவரும் திரும்பத் திரும்ப மிதித்தார்.

"காலை எடுங்க! காலை எடுங்க!"

சர்ஜன் முதலில் சிரிப்பை நிறுத்தினார். பிறகு கட்டிய கையை அவிழ்த்தார். கடைசியாகத்தான் காலை நகர்த்தப் பார்த்தார். பளபளப்பான ஷூ எண்ணெயில் வழுக்கியது. பம்பர் அவருடைய இடது முழங்காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. கால் முழங்காலில் முன்பக்கமாக மடங்கியது, கால்கள் மடங்காத திசையில். 'அமைதி காக்கவும்' பலகை கழன்று பானெட்டின் மேல் விழுந்தது. அவர் போட்ட கூச்சல் டயர் கடையைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டிப் போனது. ஆய்வாளரின் வாய் டாஷ்போர்டில் மோதி, முன்பல் இரண்டும் கோப்பின் மேல் உதிர்ந்தன.

கர்ரென்று கை பிரேக் ஏறியது. வண்டி உறுமி, குலுங்கி, அணைந்தது.

அதன்பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. வேறு ஊர்தி இல்லாததால் சர்ஜனை அவருடைய 'ஆம்புலன்ஸி'லேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். உண்மையான சர்ஜன் ஒருவர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமல் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார். பேஷண்ட் மயக்கத்தில் இருந்ததால் ஒப்புதல் வாங்க வழியில்லை. ஆய்வாளர் வீங்கிய வாயோடு தன் கைப்பட எழுதினார்: 'இரண்டாவது பிரேக் பட்டறையின் தவறான வேலையால் முறிந்தது, நானே மிதித்தேன், பயிற்றுநர் மீது குற்றமில்லை.' இவ்வளவு தெளிவான அறிக்கையை அவர் தன் பணிக்காலத்தில் எழுதியதில்லை. கடைசியில், 'பயிற்றுநர் சமயோசிதமாகக் கை பிரேக்கை இழுத்து மேலும் சேதத்தைத் தவிர்த்தார்' என்று பாராட்டும் ஒரு வரி இருந்தது.

வாத்தியார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போனார். நடந்துதான் போனார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"டேய். எப்போ இழுத்த?"

"என்னது?"

"கை பிரேக்கு. நான் கண்ணாடியில உன்னைப் பார்த்துட்டுதான்டா இருந்தேன். கிளம்பறதுக்கு முன்னாலயே கையை அது மேல வச்சுட்ட. வச்ச கையை எப்போ இழுத்த?"

வாத்தியார் தாள் இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "உன் கை வலிக்குதாக்கா? ஆட்டோ பிடிக்கட்டுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாக்கியம் ஆரம்பிக்கப் போவது போல வாய் திறந்தது. திறந்தபடி இருந்து, மூடிக்கொண்டது.

அக்கா மாவுக்கட்டை மறு கையில் தாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் முகம் கழுவிவிட்டுச் சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"என் காலு அவன் மேல வண்டியை ஏத்துச்சுன்னு ராத்திரியெல்லாம் அழுதுட்டுக் கிடப்பேன்னு நினைச்சேன்டா," என்றாள். "கை கூடினதும் எனக்கு வேற வாத்தியாரைப் பாரு. உன் பக்கத்துல நான் இனிமே உக்கார மாட்டேன்."

அவள் முன்னால் நடந்தாள். வாத்தியார் கொஞ்ச தூரம் விட்டு, சாலையின் இடது ஓரமாக, விதிப்படி பின்னால் போனார்.